வேலூரில் உட்கார்ந்துகொண்டு புயலைச் சுழற்றுவது எப்படி?

நீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். 2020 நவம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய நிவர் புயல், மறுநாள் வட மாவட்டங்கள் வழியாகத்தான் ஆந்திரத்தை நோக்கிப் போனது. கடலே கண்ணில் படாத ஊருக்கும் புயல் வரும் என்று அன்று புரிந்தது. முதுகலை ஆய்வேட்டுக்குப் புயலையே எடுத்துக்கொண்டேன். எப்படித் தொடங்குவது என்று சொல்லித் தர ஆளில்லை. முதல் மூன்று மாதங்கள் முழுக்க வீண்.

இயற்பியலோ கணிதமோ முதுகலை படிக்கிறீர்கள், கையில் ஒரு சாதாரண மடிக்கணினி இருக்கிறது, புயல் ஏன் வடிவம் மாறுகிறது, எப்படி வலுக்கிறது என்று எளிய மாதிரிகளைக் கொண்டு பார்க்க ஆசை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். வானிலையியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

நான் செய்த முதல் தவறு, பெரிய வானிலை மாதிரி ஒன்றை நான்கு ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் நிறுவ முயன்றது. ஆறு வாரம் நிறுவினேன். ஓடியபோது கணினி சூடாகி அணைந்தது. அப்படியே ஓடியிருந்தாலும் மழை, மேகம், கதிர்வீச்சு எல்லாம் கலந்து வரும் விடையில் எது எதனால் நடந்தது என்று என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

எளிய மாதிரிகளில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். "புயலின் கண் ஏன் முக்கோணமாகவும் ஐங்கோணமாகவும் மாறுகிறது?" என்பதற்கு ஒரு மாதிரி. "ஒரே நாளில் ஏன் இவ்வளவு வலுத்தது?" என்பதற்கு வேறொரு மாதிரி. வடிவத்தைக் காட்டும் மாதிரியில் வெப்பம் கிடையாது. வலுவைக் காட்டும் மாதிரியில் வடிவம் கிடையாது. இரண்டையும் ஒரே தலைப்பில் அடக்கப் பார்த்தால் ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்றைப் பிரதானமாக வையுங்கள், மற்றது ஓர் இயலாக இருக்கட்டும்.

2. தரவும் தாள்களும்

இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். கணக்கு உங்கள் வேகத்தில் நடக்கும், கையெழுத்து அப்படி நடக்காது.

புயல்களின் பாதையும் வேகமும்: ஐபிடிராக்ஸ் (IBTrACS) என்ற உலகத் தொகுப்பு இலவசம், பதிவுகூடத் தேவையில்லை. உலகம் முழுவதற்குமான கோப்பு பல நூறு எம்.பி. இருக்கும். கைப்பேசியின் அன்றாடத் தரவில் அதை இறக்க முயன்று நான் பாதியில் நின்றேன். வட இந்தியப் பெருங்கடலுக்கு மட்டும் தனிக் கோப்பு இருக்கிறது, அதை எடுங்கள். திறந்ததும் இரண்டாவது வரியைப் பாருங்கள்: அதில் அளவுகளுக்குப் பதிலாக அலகுகள் இருக்கும். அந்த வரியை நீக்காமல் பைத்தானில் படித்தால் எண்கள் எல்லாம் எழுத்துகளாகிவிடும்.

இந்திய வானிலைத் துறையின் புதுதில்லிப் புயல் மையமும் ஒவ்வொரு புயலுக்கும் பாதைத் தரவும் அறிக்கையும் வெளியிடுகிறது. அறிக்கையில் ரேடார் படங்களும் இருக்கும்; சென்னை, காரைக்கால் ரேடார்களின் படங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுப்புறக் காற்று, ஈரப்பதம் வேண்டுமென்றால் ஐரோப்பிய கோப்பர்னிகஸ் தளத்தின் ஈ.ஆர்.ஏ.5 (ERA5) என்ற கட்டத் தரவு இருக்கிறது. கணக்குத் தொடங்குவது இலவசம். உரிம நிபந்தனையை ஒருமுறை ஏற்றுக்கொண்டால்தான் கோப்பு வரும். அதன் கட்டம் கால் பாகை, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். புயலின் கண் முழுவதும் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே உச்சக் காற்றை அதிலிருந்து எடுக்காதீர்கள், மிகக் குறைவாகவே காட்டும். சூழலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

நிறுவனங்களிடமிருந்து நிலையத் தரவு கேட்பதாக இருந்தால் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் தயாராக இருக்கட்டும். கடிதத்தில் ஆய்வுத் தலைப்பு, வேண்டிய தேதிகள், வணிகப் பயன்பாடு இல்லை என்ற உறுதி மூன்றும் இருக்க வேண்டும். என் கடிதம் கல்லூரி அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது: முதல் முறை தேதி இல்லை, இரண்டாம் முறை முத்திரை பாதி பதிந்திருந்தது. அதற்கே பதினெட்டு நாள்.

3. அலகுகள்: இங்கேதான் எல்லாரும் விழுகிறோம்

பாதைத் தரவில் வேகம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், வினாடிக்கு 0.514 மீட்டர். நிவர் 65 நாட் அளவுக்கு வலுத்தது. அது வினாடிக்கு 33 மீட்டர். நான் 65 என்பதை அப்படியே மீட்டராக எடுத்துக்கொண்டேன். 2020 மே மாதத்து அம்பன் சூப்பர் புயலின் உச்சம் 130 நாட், அதாவது வினாடிக்கு 67 மீட்டர். என் வரைபடத்தில் நிவரும் அம்பனும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. இரண்டு வாரம் அதற்கு விளக்கம் வேறு எழுதினேன்.

இன்னொன்று. இந்தியா மூன்று நிமிடச் சராசரிக் காற்றைத் தருகிறது, அமெரிக்க நெடுவரிசையில் இருப்பது ஒரு நிமிடச் சராசரி. ஒரே கோப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் காலி இடம் வந்தால் மற்றதிலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள்.

4. முதல் மாலை: கோண உந்தம்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இதைப் போடுங்கள். வேலூரின் அட்சரேகை ஏறக்குறைய 12.9 பாகை. அங்கே கோரியாலிஸ் எண், அதாவது பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் அளவு, வினாடிக்குச் சுமார் 0.000032. மையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி, அசையாமல் நிற்கும் காற்றுக்கும் பூமி சுழல்வதால் கோண உந்தம் உண்டு: கோரியாலிஸ் எண்ணில் பாதியை, மீட்டரில் எழுதிய ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 14.4 லட்சம் வரும்.

அந்தக் காற்றை உராய்வில்லாமல் 30 கிலோமீட்டர் ஆரத்துக்கு இழுத்து வாருங்கள். வேலூர்க் கோட்டையைக் கண்ணின் மையமாக வைத்தால், குடியாத்தம் கண்சுவரில், அதாவது கண்ணைச் சுற்றிக் காற்று மிக வலுவாக வீசும் வளையத்தில் இருக்கும், ஏறக்குறைய அந்தத் தூரம். உந்தம் மாறக் கூடாது, எனவே வேகம் வினாடிக்கு 47.5 மீட்டர். ஒன்றுமே செய்யாமல் நின்ற காற்று மணிக்கு 170 கிலோமீட்டரில் சுற்றுகிறது. புயலின் மிரட்டலில் பாதி இந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது. மீதிப் பாதி, அந்தக் காற்றை உள்ளே இழுப்பது யார் என்பது.

5. வலுக்கும் மாதிரி: எக்செல் தாளே போதும்

இழுப்பது கடலின் வெப்பம். காற்று வேகமானால் கடலிலிருந்து ஆவி அதிகம் ஏறும், அதனால் காற்று இன்னும் வேகமாகும். கூடவே உராய்வும் கூடும். இரண்டும் சமமாகும் இடம்தான் உச்ச வேகம். வானிலை அறிவியலாளர் கெர்ரி இமானுவேல் வளர்த்தெடுத்த இந்தக் கருத்தை மிகச் சுருக்கினால் ஒரு சமன்பாடு கிடைக்கிறது:

வேகம் கூடும் வீதம் = (பரிமாற்றக் கெழு ÷ தடிமனின் இரு மடங்கு) × (உச்ச வேகத்தின் வர்க்கம் − இப்போதைய வேகத்தின் வர்க்கம்)

பரிமாற்றக் கெழு, அதாவது கடலின் வெப்பம் காற்றுக்கு எவ்வளவு எளிதில் ஏறுகிறது என்பதன் அளவு, 0.0012. தடிமன் என்பது கடலிலிருந்து ஏறும் ஆற்றலைப் பங்கு போட்டுக்கொள்ளும் காற்றடுக்கின் உயரம். நான் 5,000 மீட்டர் என்று தாராளமாகவே வைத்தேன். உச்ச வேகம் வினாடிக்கு 70 மீட்டர், தொடக்க வேகம் 15. முதல் மணி நேரத்தில் சுமார் 2 மீட்டர் கூடும். தாளில் 24 வரிகளை இழுத்துவிடுங்கள்: வேகம் 51ஐத் தாண்டும்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். 24 மணி நேரத்தில் 30 நாட் கூடினாலே அதை அதிவேகத் தீவிரமடைதல் என்கிறார்கள். நம் தாளில் 70 நாட் கூடியிருக்கிறது. கிழக்குப் பசிபிக்கின் பட்ரீசியா 2015இல் ஒரே நாளில் 105 நாட் கூடியது. ஆனால் அது அபூர்வம். நம் தாளிலோ பிறக்கும் ஒவ்வொரு புயலும் ராட்சசன்.

காரணம், தாளில் வறண்ட காற்று இல்லை. நிஜத்தில் மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வேறு வேறு திசையில் போனால், பக்கத்து வறண்ட காற்று மையத்துக்குள் புகுந்துவிடும். எனவே பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை போகும் ஈரப்பத எண் ஒன்றைச் சேருங்கள்; அதன் முப்படியை உச்ச வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்குங்கள். ஈரம் 0.6 என்றால் முப்படி 0.216. உச்சம் 70இலிருந்து 32.5க்கு இறங்கிவிடும், கிட்டத்தட்ட நிவரின் அளவு. ஈரத்தில் நாற்பது சதவீதக் குறைவு வேகத்தைப் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. என் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் இதுதான். செலவு ஓர் இரவு.

எச்சரிக்கை: 0.6 வைத்தால் நிவர் வருகிறது என்பதால் நிவரில் ஈரம் 0.6 என்று எழுதிவிடாதீர்கள். எண்ணைத் திருகி விடை வரவழைப்பது வேறு, விளக்குவது வேறு.

6. வடிவ மாதிரி: இரண்டு பரிமாணக் காற்று

இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். காற்று எந்த இடத்தில் எவ்வளவு தன்னைத்தானே சுற்றுகிறது என்பதன் அளவை வார்டிசிட்டி என்பார்கள். நாங்களும் அப்படியேதான் சொன்னோம். மாதிரியின் விதி ஒன்றே ஒன்று: காற்று தன் வார்டிசிட்டியைச் சுமந்துகொண்டே நகர்கிறது. கொதிக்கும் பாயசத்தில் நெய்யை ஊற்றி அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நெய் முதலில் நீண்டு இழையாகி, அகப்பையைச் சுற்றிச் சுருள்கிறதல்லவா? அதையேதான் கணினியில் செய்கிறோம்.

கட்டம் 600 கிலோமீட்டர் சதுரம், பக்கத்துக்கு 512 புள்ளிகள். ஃபூரியர் உருமாற்றம் பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் இருக்கிறது. காலப்படி 10 வினாடி, நான்காம் படி ருங்கே–குட்டா. புயலின் ஒரு நாளை ஓட்ட என் கணினிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

முதல் சோதனையைத் தவிர்க்காதீர்கள். 30 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் வார்டிசிட்டி வினாடிக்கு 0.003, வெளியே பூஜ்யம் என்று வையுங்கள். விளிம்பில் காற்று வினாடிக்கு 45 மீட்டர். அது ஒரு சுற்று வர 70 நிமிடம். இப்போது வட்டத்தை லேசாக நசுக்கி நீள்வட்டமாக்குங்கள். வடிவம் ஒரு சுற்று வர 140 நிமிடம் ஆக வேண்டும், காற்றைப் போல இரண்டு மடங்கு நேரம். மும்மூலை வடிவம் என்றால் 105 நிமிடம். இவை தாளிலேயே கிடைக்கும் விடைகள். 1996இல் தைவானைத் தாக்கிய ஹெர்ப் புயலின் நீள்வட்டக் கண், ரேடாரில் 144 நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்தது என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

என் முதல் ஓட்டத்தில் 180 நிமிடத்துக்கு மேல் வந்தது. நிரலில் பிழை தேடி ஒரு வாரம் போயிற்று. பிழை நிரலில் இல்லை. கணக்குச் சீக்கிரம் முடியட்டும் என்று 150 கிலோமீட்டர்ப் பெட்டி வைத்திருந்தேன். ஃபூரியர் முறையில் பெட்டியின் மொத்த வார்டிசிட்டி பூஜ்யமாக இருக்க வேண்டும். எனவே சராசரியை எல்லா இடத்திலிருந்தும் கழிக்கிறோம். சின்னப் பெட்டியில் அந்தக் கழிவு பெரிது, மொத்தப் புயலையும் பின்னோக்கிச் சுழற்றிவிடுகிறது. 600 கிலோமீட்டர் வைத்ததும் 142 நிமிடம் வந்தது.

7. வளையத்தை உடையுங்கள், ஆனால் கட்டத்தை நம்பாதீர்கள்

நிஜப் புயலில் வார்டிசிட்டி கண்ணுக்குள் குறைவு, கண்சுவரில் அதிகம்; அதாவது வளையம். உள்ளாரம் 20, வெளியாரம் 30 கிலோமீட்டர், வார்டிசிட்டி 0.005 என்று வையுங்கள்.

வளையத்தைத் துல்லியமான வட்டமாக வைத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் அழகான சதுரக் கண். அன்றைக்கே வண்ணத்தில் அச்செடுத்துக்கொண்டு பேராசிரியையிடம் ஓடினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனப்பா, உன் கட்டமும் சதுரம்தானே?"

அவ்வளவுதான். வட்டத்தைச் சதுரக் கட்டத்தில் வரையும்போது நான்கு மூலைக்கும் ஒரே அளவு சிறு பிழை விழுகிறது. வளையம் நிலையற்றது, கிடைத்த பிழையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்துவிட்டது. வளையத்தின் மீது ஒரு சதவீதம் தாறுமாறான இரைச்சலைத் தூவி மறுபடி ஓட்டினேன். இந்த முறை முக்கோணம். கணக்குப்படியும் இந்தத் தடிமனுக்கு மும்மூலை அலைதான் வேகமாக வளர வேண்டும். ஏறக்குறைய 27 நிமிடத்துக்கு ஒருமுறை 2.7 மடங்காகும். உள்ளாரத்தை 24 ஆக்கி வளையத்தை மெலிதாக்கினால் ஐங்கோணம் முந்தும். மெலிந்தால் மூலை கூடும் என்று நினைவில் வையுங்கள். இரைச்சலின் தொடக்க எண்ணை (seed) மாற்றி ஐந்து முறையாவது ஓட்டுங்கள்; ஒரே ஓட்டத்தை வைத்து எதையும் எழுதாதீர்கள்.

அடுத்த சில மணி நேரம்தான் பார்க்கத் தகுந்தது. வளையம் துண்டு துண்டாக உடைந்து சிறு சுழல்களாகும். 2003 இசபெல் புயலின் கண்ணுக்குள் செயற்கைக்கோள் காட்டிய விண்மீன் வடிவம் இதுதான். பிறகு சுழல்கள் ஒன்றோடொன்று கலந்து, கண்சுவரின் வார்டிசிட்டி கண்ணுக்குள் போய்விடும். வெளியே இழைகள் சுருளும். கடைசியில் மறுபடி வட்டம்.

இப்போது உச்சக் காற்றை வரைந்தால் இறங்கியிருக்கும். மைய அழுத்தத்தைக் கணக்கிட்டால் அதுவும் இறங்கியிருக்கும். காற்றைப் பார்ப்பவர் புயல் தளர்ந்தது என்பார், அழுத்தத்தைப் பார்ப்பவர் வலுத்தது என்பார். நான் முதல் வரைவில் "புயல் தீவிரமடைந்தது" என்று எழுதி அடிவாங்கினேன். இந்த மாதிரியில் வெப்பமே இல்லை. இருப்பதை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவே. கலந்து முடிந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

8. செலவும் நாளும்

மென்பொருளுக்கு ஒரு பைசாவும் இல்லை. இணையத்திலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாப் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் கவனிக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை விடையைக் கோப்பில் சேமிக்கும்படி நிரலிலேயே எழுதுங்கள். மின்வெட்டுக்கும் அதே மருந்து. ஏப்ரல், மே மாதங்களில் பகலில் ஓட்டாதீர்கள். வேலூர் வெயிலில் மடிக்கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி, அடியில் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கி, மின்விசிறிக்கு நேராக வைத்தேன்.

கட்டுரைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்திய வானிலைத் துறையின் மௌசம் இதழ் முழுவதும் இலவசம். அமெரிக்க வானிலையியல் கழகத்தின் பழைய இதழ்களும் திறந்தே இருக்கின்றன.

என் கையிலிருந்து போனது மொத்தம் ஆயிரத்து எழுநூறு ரூபாய் சொச்சம். அதில் பெரும்பங்கு வண்ண அச்சு. அந்தச் சதுரக் கண்ணும் அதில் சேர்த்தி. வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையிலும் புரியும்படி வரைந்தால் பாதி மிச்சம்.

நாள் கணக்கு: கடிதமும் தரவும் மூன்று வாரம், தாள் கணக்கும் எக்செலும் ஒரு வாரம், வடிவ மாதிரி மூன்று வாரம், மறு ஓட்டங்கள் இரண்டு வாரம், எழுத ஒரு மாதம். நவம்பர், டிசம்பரில் வேலை நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றினால் போதும், பெரியப்பா முதல் பால்காரர் வரை "தம்பி, இது வேலூருக்கு வருமா?" என்று கேட்பார்கள். உங்கள் மாதிரியை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். அதில் கரையும் இல்லை, மலையும் இல்லை. சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிவிப்பைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

9. நேர்முகத் தேர்வு அன்று

அசையும் படத்தைத் தாளில் காட்ட முடியாது. வளையம் உடைவதை நாற்பது வினாடிக் காணொளியாக்கி, இரண்டு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் கணினியில் பைத்தான் இருக்காது. 140 நிமிடச் சோதனையை முதல் படமாகப் போடுங்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் நிரல் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். அந்தப் படத்தைக் காட்டினேன். அடுத்து, சதுரக் கண்ணின் அச்சை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.